மாராத்தாளின் பதிலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு நாட்டு உடன்படிக்கையில் நம் நாடு சேரக்கூடாது என்று எங்கள் தாலுகாவிலேயே அதிகமாகத் தொண்டை கிழியப் பேசியவன் நான்தான். பெயர் சென்னியப்பன். புங்கவலசு பால் சங்கத்துக்குச் செயலாளர், இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. கூட்டம் போட்டது நான், மனு எழுதியது நான், தாலுகா ஆபீஸ் வாசலில் நூற்று நாற்பது மாடுகளைக் கொண்டுபோய்க் கட்டியதும் நான். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவன் விலைபோனவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விலைபோயிருந்தால்கூட அதில் ஒரு காரணம் இருந்திருக்கும்.

உடன்படிக்கையில் சேர்ந்தால் மற்ற பதினேழு நாட்டுப் பொருள்களும் தடையில்லாமல் இங்கே வரும், நம்முடையது அங்கே போகும். நம்முடையது என்ன போகும் என்று டிவியில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். என்ன வரும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. தொட்டிப் பால் வரும். மாடு இல்லாமல், ஏதோ ஒரு நுண்ணுயிரை எஃகுத் தொட்டியில் வளர்த்து எடுக்கும் பால். குடித்துப் பார்த்தேன். பாலேதான். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"மலிவா வந்தா நல்லதுதானுங்களே செகரட்டரி" என்றான் டீக்கடை குப்புராஜ். "ஊருல எத்தன பேரு மாடு வெச்சிருக்கறாங்க, எத்தன பேரு டீக் குடிக்கறாங்க, நீங்களே சொல்லுங்க."

"மாடு போச்சுன்னா உன்ற கடைக்கு டீக் குடிக்க வர்றதுக்கு ஊருல ஆளு இருக்காது, பாத்துக்க" என்றேன். அவன் கிளாஸைக் கழுவிக்கொண்டே சிரித்தான். நாடு முழுக்க அந்த ஆறு மாதமும் இதே பேச்சுதான். சேர்ந்தால் நாடு முன்னேறும் என்று ஒரு பக்கம், சேர்ந்தால் நாசமாய்ப் போவோம் என்று ஒரு பக்கம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை நின்றது. எங்கள் ஊரில் மட்டும் குப்புராஜைத் தவிர எல்லாரும் ஒரே பக்கம்.

அதிலும் மாராத்தாள். நாற்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, நிலம் இல்லை, இரண்டு கறவை மாடு. வாய்க்கால் கரையில் மேய்த்துப் பிழைக்கிறவள். பாலை ரோட்டில் கொட்டிப் போராடலாம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொன்னபோது எழுந்து நின்று, "பால மண்ணுல ஊத்தறதுக்கு எனக்குக் கை வராதுங்க, மாட்ட வேணும்னா ஓட்டியாறேன்" என்று சொன்னது அவள்தான். மாடு கட்டும் யோசனை அப்படித்தான் வந்தது. சொன்ன மாதிரியே இரண்டையும் ஓட்டிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்தாள்.

முடிவு ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். சங்கத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் பால் போசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். என் மேஜைமேல் இருந்த திரையில் ஊர் வாரியாகப் பட்டியல் வந்தது. புங்கவலசு பால் சங்க உறுப்பினர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சேரலாம்: இருநூற்று மூன்று. வேண்டாம்: ஒன்பது.

"நாம ஒட்டுக்கா வேண்டாம்னுதானுங்ணா சொன்னோம்" என்றாள் மாராத்தாள். "பொறவு ஆரு வேணும்னது?"

"நாம சொல்றதக் கேக்க மாட்டாங்க அம்மிணி. நம்ம பதிலி சொல்றதத்தான் கேப்பாங்க."

"அதென்னங்ணா பதிலி?"

"மூணு வருசத்துக்கு முன்னால கவர்மெண்டுல இருந்து பலகை மாதிரி ஒண்ணு குடுத்தாங்கல்ல? முந்நூத்தி இருவது கேள்வி. அதுக்குப் பதில் சொன்னா, உன்ன மாதிரியே யோசிக்கற ஒரு ஆளக் கம்ப்யூட்டருக்குள்ள உருவாக்கிருவாங்க. நூத்தம்பது கோடிப் பேரக் கூட்டி வெச்சுப் பேச முடியாதுல்ல? அதனால எல்லாரோட பதிலியும் உள்ளாற உக்காந்து வாதம் பண்ணி முடிவெடுக்கும். பஸ் வழித்தடம் மாத்துனது, ஆஸ்பத்திரி நேரம் மாத்துனது எல்லாம் அதுகதான்."

அவள் தன் பெருவிரலைப் பார்த்தாள். "அன்னைக்கு நான் பெருவிரல்தானுங்களே வெச்சேன். மீதிய நீங்க பாத்துக்கறேன்னீங்க."

"ஆமா" என்றேன். திரையை வேறு பக்கம் திருப்பினேன்.

"அப்ப நீங்க செரியாத்தான் போட்டிருப்பீங்க. அந்த மிசினுதான் என்னமோ பித்தலாட்டம் பண்ணியிருக்குது" என்றாள்.

முடிவில் ஐயம் இருந்தால் முப்பது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் தம் பதிலியை நேரில் விசாரிக்கலாம் என்று சட்டம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கொடுத்தவள் மாராத்தாள் ஒருத்தி. துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். வர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

தாலுகா ஆபீஸில் பின்கட்டு அறை. ஒரு மின்விசிறி, ஒரு மேஜை, மேஜைமேல் பிரஷர் குக்கர் அளவுக்கு ஒரு பெட்டி. விசாரணை அதிகாரி ஷெர்லின் என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், தூங்கிப் பல நாளான முகம். மாராத்தாள் மடிப்புக் கலையாத சேலை கட்டி வந்திருந்தாள். ஒரு போசியில் அரை லிட்டர் பால் கொண்டுவந்து அதிகாரியின் மேஜையில் வைத்தாள். "ஊட்டுக்குக் கொண்டு போங்க அம்மிணி, காலையில கறந்தது" என்றாள்.

அதிகாரி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். "அக்கா, பேசுங்க. அது உங்களுக்குப் பதில் சொல்லும். பொய் சொல்லாது, அதுக்கு அது தெரியாது."

மாராத்தாள் பெட்டியின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "ஏனுங், நீங்கதான் மாராத்தாளுங்களா?"

"ஆமாங்க" என்றது பெட்டி. பெண் குரல்தான். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு.

"நானும் மாராத்தாள்தானுங்க. எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க?"

"பத்து நாள் வேண்டாம்னுதானுங்க வாதாடுனேன். பதினொண்ணாவது நாளு எதிர்ல இருந்தவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. இந்தத் தொழில் நின்னு போச்சுன்னா மொதல்ல உன்ற மனசுல என்ன தோணும்னு. கோவமா, பயமா, துக்கமா, நிம்மதியான்னு. எனக்கு நெசந்தானுங்க சொல்ல வரும். நிம்மதின்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கு வாதாட ஒண்ணுமில்லாமப் போச்சு."

"நிம்மதிங்களா?"

"வருசம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் ரெண்டு நேரம். காச்சல்னாலும் எந்திரிக்கோணும், மழைன்னாலும் எந்திரிக்கோணும். கண்ணாலத்துக்குப் போனா பந்தியில பாதியில எந்திரிச்சு ஓடியாறோணும். ஒரு ராத்திரி வேத்தூருல தங்குனதுண்டுங்களா?"

மாராத்தாள் தலையை ஆட்டினாள். "தங்குனதில்லீங்க. அது நெசந்தான்."

"அஞ்சு மணிக்கு அந்தத் துருப்புடிச்ச ஷட்டரத் தூக்கறப்ப வலது தோள்ல சுளீர்னு ஒரு வலி புடிக்கும் பாருங்க. ஒவ்வொரு நாளும் அப்ப நெனப்பேன், இது ஒரு நாளைக்காவது மூடியே கெடக்கக் கூடாதான்னு."

"எந்த ஷட்டருங்க?"

"சங்கத்து ஷட்டருங்க."

மாராத்தாள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் எந்தப் படிவம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். ரேஷன், கடன், கல்யாண உதவி, சாவுச் சான்றிதழ், எதுவானாலும் விரலை வைத்துவிட்டு, "மீதிய நீங்களே போட்டுருங்" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். இருபத்தாறு வருடமாக நான் போட்டதில் ஒரு படிவம் திரும்பி வந்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பதிலிப் படிவம் வந்தபோதும் அப்படித்தான். முதல் ஒன்பது பேருக்குக் கேள்வியைப் படித்துக் காட்டி அவரவர் சொன்ன பதிலைப் போட்டேன். ஆளுக்கு மூன்று மணி நேரம் ஆனது. பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நின்று முணுமுணுத்தார்கள். பத்தாவது ஆளிலிருந்து, நமக்குத் தெரியாததா, இந்த ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்றுகூட நமக்குத் தெரியுமே என்று நானே போட ஆரம்பித்தேன். ஒவ்வொருவரையும் மனதில் நிறுத்தித்தான் போட்டேன், சத்தியமாக. ஆனால் முந்நூற்று இருபது கேள்வி. சாயங்காலம் கண் எரியும். தொழில் நின்றால் என்ன தோன்றும் என்ற கேள்வி வரும்போது ஒவ்வொரு முறையும், தினமும் சங்கத்து ஷட்டரைத் தூக்குகிற என் வலது தோள்தான் முதலில் பதில் சொன்னது; காரணம் கேட்ட இடத்தில் என்னையறியாமல் ஷட்டரும் வந்திருக்கிறது. என் மகன் விமானம் ஏறின அன்றைக்குக் காலைப் பால் நேரம் என்று வழியனுப்பப் போகாமல் இருந்தவன் நான். இருநூற்று மூன்று தடவை, நிம்மதி. அதில் ஒன்று என்னுடையது.

தொட்டிப் பாலை நான் தெருவில் நின்று எதிர்த்தேன். உள்ளே இருநூற்று மூன்று சென்னியப்பன்கள் உட்கார்ந்து, போதும்டா சாமி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"நான்தான் மேடம் போட்டேன்" என்றேன் அதிகாரியிடம். "இவங்களுக்கும் நான்தான் போட்டேன். எழுதித் தர்றேன். என் மேல கேஸ் போடுங்க."

ஷெர்லின் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "சார், இந்த ஒரு மாசத்துல நான் கேக்கற நாப்பத்தோராவது ஷட்டர் இது."

"புரியலைங்க."

"ஒரு ஊர்ல போஸ்ட்மேன் போட்டிருக்கார். அந்த ஊர் நெசவாளர் எல்லாரோட பதிலிக்கும் சைக்கிள் மிதிச்சு முழங்கால் வலிக்குது. ஒரு ஊர்ல ரேஷன் கடைக்காரர். ஒரு ஊர்ல ரிட்டயர்டு வாத்தியார், மீன்பிடிக்கறவங்க பதிலி எல்லாம் பென்ஷனைப் பத்திப் பேசுது. நாடு பூரா படிவம் நிரப்பற ஆளுன்னு ஊருக்கு ஒருத்தர் இருக்கார் சார். எல்லாரும் உங்க வயசு. பிள்ளைங்க வெளியூர்ல. எல்லாருக்கும் களைப்பு."

"மேல சொல்லலீங்களா?"

"எழுதினேன். பதில் வந்துச்சு. மக்கள் தங்களுக்காகப் பேச நம்பிக்கையான ஒருத்தரைத் தாங்களே தேர்ந்தெடுத்திருக்காங்க, அதுவும் மக்கள் கருத்துதான்னு." அவள் போசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எழுதித் தந்தா நான் வாங்கிக்கணும். வாங்கினா அன்னைக்கே இருநூத்தி மூணு பதிலியும் செல்லாது. பதிலி இல்லைன்னா ரேஷன் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, மாட்டு டாக்டர்கூட வர மாட்டார். புதுசு வர பதினாலு மாசம். உடன்படிக்கைல திங்கக்கிழமை கையெழுத்து."

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதுங்களா?" என்றாள் மாராத்தாள்.

"திருத்தம் போடலாம் அக்கா. முந்நூத்தி இருபது கேள்விக்கும் நீங்களே திரும்பப் பதில் சொல்லணும். இந்த முடிவு மாறாது. அஞ்சு வருஷம் கழிச்சு மறுபரிசீலனை வரும்போது உங்க பதிலி நீங்களா இருக்கும்."

"அஞ்சு வருசம் கழிச்சு மாடு இருக்காதுங்களே."

ஷெர்லின் பெட்டியை அணைத்தாள். மாராத்தாள், "பரவால்லீங்க, போடறேன்" என்று எழுந்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தேன்.

"ஏனுங்ணா, எனக்கும் நிம்மதின்னுதான் தோணும்னு நெசமாவே நெனச்சீங்களா?"

"நெனச்சேன் அம்மிணி. நீ படற பாட்டப் பாத்துட்டுத்தான்."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "நிலம் கொழுந்தன் பேருல. ஊடு மாமியா பேருல. பால் அட்டையில மட்டுந்தானுங்க மாராத்தாள்னு எழுதியிருக்குது. வெடியால நீங்க பட்டியல்ல என்ற பேரக் கூப்புடுவீங்கல்ல, அதக் கேக்கறதுக்கே நான் ஓடியாருவேன். எனக்கு ஒரு நாளும் சலிச்சதில்லீங். எனக்கு மாடு இல்லாமப் போனா பயந்தானுங்க வரும். ராத்திரி தூக்கம் வராத பயம். அத ஆரும் கேக்கலீங்க."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

மறுநாள் காலைப் பால் நேரத்தில் வரிசையில் நின்றவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நாச்சிமுத்து, இந்தச் சங்கம் தொடங்கின நாளிலிருந்து பால் ஊற்றுகிறவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி உடுங்க செகரட்டரி. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? நாங்கதானே போடச் சொன்னோம்." பிறகு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "மாட்டக் குடுத்துட்டுத் தொட்டிக் கம்பெனில வேலைக்குச் சேர்றதுக்கு ஒரு பாரம் வந்திருக்குதுங்க. இதயும் கொஞ்சம் போட்டுருங்."

அவருக்குப் பின்னால் நின்றவர்களின் கையிலும் அதே தாள் இருந்தது. உங்களுக்கே படித்துக் காட்டுகிறேன், நீங்களே சொல்லுங்கள் என்றேன். "அதுக்கெல்லாம் நேரமேதுங்க" என்று விரலை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாராத்தாள் மட்டும் திருத்தம் போட உட்கார்ந்தாள். காலைப் பால் முடிந்ததும் சங்கத்துப் பெஞ்சில் பலகையை மடியில் வைத்துக்கொள்வாள். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், புரியாத வார்த்தைக்கு மட்டும் என்னைக் கேட்பாள், பதிலை என்னிடம் காட்ட மாட்டாள். வலது கையால் மறைத்துக்கொண்டு அழுத்துவாள். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. அதற்குள் திங்கட்கிழமை வந்து கையெழுத்தும் ஆகிவிட்டது. தை மாதத்தோடு எங்கள் சங்கத்தில் பால் எடுப்பது நிறுத்தம் என்று கடிதம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. முந்நூற்று இருபது கேள்விக்கு ஒன்பது நாள் ஆனது.

ஒன்பதாம் நாள் கடைசிப் பதிலை அழுத்திவிட்டு விரலை வைத்தாள். பலகை யோசித்தது. பிறகு ஒரு வாக்கியம் வந்தது. அவள் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள், நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

"இந்தப் பதில்கள் மாராத்தாளின் பதிலியோடு ஒத்துப்போகவில்லை. வேறொருவர் அவர் பெயரில் பதில் அளிப்பதாகத் தெரிகிறது. தாங்கள்தான் மாராத்தாள் என்பதைப் பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யவும். தவறினால் பதிவு முடக்கப்படும்."

கீழே ஐந்து கேள்விகள். அவள் மறுபடி பதில் சொன்னாள். சிவப்பாக வந்தது. இன்னொரு முறை சொன்னாள். மறுபடி சிவப்பு. ஷெர்லினுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நான்கு நிமிடம் மீதி இருந்தது.

"முடங்குனா மாட்டு டாக்டரு வர மாட்டாருங்களா?" என்றாள்.

"வர மாட்டாரு."

"செவலை சினையா இருக்குதுங்ணா. இந்த மாசங் கடைசியில கன்னு போடும். போன தடவ டாக்டரு வந்துதான் இழுத்துப் போட்டாரு."

அவள் சேலைத் தலைப்பால் பலகையின் திரையைத் துடைத்தாள், பிறகு அதை என் பக்கம் நீட்டினாள்.

"அதுக்கு உங்களத்தானுங்ணா தெரியும். நீங்களே போடுங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் நான்கு கேள்வியும் யோசிக்காமலே வந்தது. ஐந்தாவது அதே கேள்வி: தங்கள் தொழில் நின்றுபோனால் முதலில் என்ன உணர்வீர்கள்? மாராத்தாள் திரையைப் பார்க்காமல் வெளியே மரத்தடியில் கட்டியிருந்த செவலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிம்மதி என்பதை அழுத்தினேன்.

பச்சை வந்தது.

"வணக்கம், மாராத்தாள்" என்றது பலகை. "தங்களை மீண்டும் காண்பதில் மகிழ்ச்சி."